விவரக் கட்டம்

சங்ககிரி ரோட்டில், வெல்டிங் பட்டறைக்கு மாடியில்
எங்கள் ஆபீஸ். பதினெட்டு ரிக் வண்டி,
ஒன்றுகூடத் திருச்செங்கோட்டில் நிற்பதில்லை.
ஜக்தல்பூர், கடப்பா, ஜோத்பூர் பக்கம்
துளைத்த அடிக்கணக்கு
பொழுதோட என் ஃபோனுக்கு வந்துவிடும்.
எடுத்து எக்செல்லில் ஒட்டுவேன்.
நான் எழுதிய மேக்ரோ ஒரு நொடியில் பில்லாக்கும்:
அடி, ரேட்டு, பைப்பு,
கீழே வரைந்த ஒரு கட்டம், விவரம் என்று.

ஏழாம் நம்பர் தேவணன் மட்டும்தான்
விவரத்தை விவரமாக எழுதுகிறவர்.
மற்றவர்கள் ஓகே என்று போடும் இடத்தில்
எந்த அடியில் செம்மண், எங்கே சுக்கான்,
எத்தனையாவது ராடில் கம்ப்ரஸர் இரைத்தது,
காட்டுக்காரர் எப்போது முகம் சுளித்தார்,
கூடுதலாய் இறக்கிய கேசிங் உட்பட.

ஆவணியில் முதலாளி கூப்பிட்டார்.
"ஏனம்மிணி, ஏழாம் நம்பருக்கு ஏத்துன கேசிங் அறுநூறடி.
பில்லுல முந்நூத்தி எம்பது.
மிச்சத்த மண்ணா தின்னுது?"
தேவணன் பேட்டாவில் பிடித்தம் போட்டேன். நான்தான்.

சாயந்திரம் பில்லையும் அவர் செய்தியையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
பில்லில்: இருநூறு அடிக்கு மேல் மண் சரிந்ததால் கே
அவ்வளவுதான். கே.
சிவப்புக் கோடில்லை,
பிழை என்று ஒரு பெட்டி குதித்து வரவில்லை.
முந்தின மாதம்: மறுபடி இறக்கின பைப்பு நா
அதற்கும் முந்தினதில்
புள்ளி பறிபோன ஒரு 'நான'.

பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை.
இங்கே க ஒன்று, க் இரண்டு.
கொம்புக்கு ஒன்று, சுழிக்கு ஒன்று, புள்ளிக்கும் ஒன்று.
இருநூற்று ஐம்பத்தைந்து.
அடுத்த பில். இருநூற்று ஐம்பத்தைந்து.

உதவிப் பக்கத்தைப் புரட்டினால்
ஒரு செல் முப்பத்திரண்டாயிரம் எழுத்து தாங்குமாம்.
செல் தாங்கும், சரி.
மேக்ரோ தூக்கிக் கொண்டுபோய்
கட்டத்தில் கொட்டும்போது என்ன ஆகும் என்று
நான் பார்த்த எந்தப் பக்கத்திலும் இல்லை.
நீரோட்டம் பார்த்தவர் சொல்லாமல் விட்ட பாறை.

வழி, தேவணனுக்குத் தெரிந்த வழிதான்.
ஒரே நீளமாய் இறங்காது; ராடு ராடாய்க் கோத்து இறக்கு.
இருநூற்றைம்பதாய் நறுக்கி
ஒன்றின் வாலில் அடுத்ததைச் செருகினேன்.
இறங்கியது.

நாலு மாதத்துப் பில்களை மறுபடி ஓட்ட
அறுந்த வால்கள் ஒவ்வொன்றாய் வந்தன.
கேசிங் நாப்பதடி கூட இறக்குனேன், காட்டுக்காரர் கையெழுத்து இருக்குது.
டீசல் என் கைக்காசு, ரெண்டாயிரத்து நூறு.
பீகார் பையனுக்கு வெரல் நசுங்கிக் கட்டுப் போட்டாச்சு.
ஆவணி ஏழு பாப்பாவுக்குக் காதுகுத்து, லீவு கேக்கறது இது மூணாந்தடவை.

எல்லாம் என் ஃபோனில் முழுசாய் இருந்தவை.
ஒட்டியிருக்கிறேன். படித்ததில்லை.
அன்றைக்கு ஆவணி பதினொன்று.

கூப்பிட்டேன். ஹேமர் இரைச்சல்.
பிடித்தம் திரும்பி வரும் என்றேன்,
கட்டம் என்றேன், எழுத்துக்கணக்கு என்றேன்.
"அதுக்கு மேல எழுதக் கூடாதுங்களா அம்மிணி?
மொதல்லயே சொல்லியிருந்தா சுருக்கியிருப்பனுங்க."
இல்லைங்க, இனி எவ்வளவு வேண்டுமானாலும் என்று கத்தினேன்.
கேட்டதோ என்னவோ.

மேக்ரோவில் அந்த வரிக்கு மேல்
பச்சையில் ஒரு குறிப்பு வைக்கப் பார்த்தேன்,
இனி யாராவது வந்து முட்டாமல் இருக்க.
அந்த ஜன்னலுக்குத் தமிழ் வராது.
வரிசையாய்க் கேள்விக்குறி, நடுவில் 255.
அப்படியே விட்டேன்.

மறுநாள் பொழுதோட ஏழாம் நம்பர்:
410 அடி. ரெண்டே கால் இஞ்சி தண்ணி. ஓகே.

எண்ணினேன். புள்ளிகளையும் சேர்த்து
முப்பத்தெட்டு.