சூப் வண்டி வரும் நேரம்

நாளொன்றுக்கு நாற்பத்தைந்து யூரோ.
வேலை: பொதுமக்களாக இருப்பது.
மீன் ஆலை மூடிய வருஷம்
லாட்வியக் காட்டில், பைன் மரங்களுக்கு நடுவே
கப்பல் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஊரில்
எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள்.
என் மார்பில் எண் நாற்பத்தொன்று.
கையில் ஒரு தாள்:
"நீ ரொட்டி சுடுகிறவள்.
கடைக்குக் கீழே நிலவறையில்
எதிரியின் வயர்லெஸ் இருப்பது
உனக்குத் தெரியாது."

தெரியாமல் இருப்பது சுலபமில்லை.
கால் அந்தத் தரையையே நினைத்துக்கொண்டிருக்கும்.

மேலே ட்ரோன், ஈ மாதிரி.
எங்கோ ஒரு கூடாரத்தில், திரைக்கு முன்னால்
மேஜர் குன்தார்ஸ் ப்ரியேடே
ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும்:
எத்தனை பேர் போனால் அந்த வயர்லெஸுக்குத் தகும்?
ஆறு என்று எழுதினாராம்.
பன்னிரண்டு ஐந்துக்கு விசில்.
படுத்தோம்.

பனி உருகிய மண். முதுகெல்லாம் ஈரம்.
ஒவ்வொருவர் மேலும் சிவப்பு அட்டை வைத்துக்கொண்டே வந்த நடுவர்
ஏழாவது ஆளிடம் நின்றுவிட்டார்.
அது ஸிக்மண்ட்ஸ்.
எங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும் ஓட்டுநர்.
ஒத்திகையில் அவருக்கு வேஷமே கிடையாது.
கையில் பட்டாணி சூப் அண்டா.
"இவரைச் சேர்க்கலாமா?"
வாக்கி டாக்கி கரகரத்தது, பதில் சொல்லவில்லை.
"சூப் ஆறுகிறது" என்றார் ஸிக்மண்ட்ஸ்.

சேர்த்தார்கள்.

பிற்பகல் கூட்டத்தில்
சட்ட ஆலோசகர் ஐவிதா கேட்டது ஒன்றுதான்:
"ஆறு எங்கிருந்து வந்தது, மேஜர்?"
"படத்திலிருந்து."
"எத்தனை மணிப் படம்?"
"ஒன்பது."
யாரும் திட்டவில்லை.
அவர் காது மடல் மட்டும் சிவந்தது.

மறுநாள் அதே கடை, அதே நிலவறை.
பதினோரு நிமிடம் காத்திருந்தார்.
சூப்புக்கு வரிசை கூடியது, கலைந்தது.
வயர்லெஸ்காரன் பின்கதவு வழியாகப் போயே போய்விட்டான்.
நான்கு மணிக்குப் பாலத்தருகே
மேஜரின் சிப்பாய்கள் மூவருக்குச் சிவப்பு அட்டை.

அதில் ஒரு பையன், மோவாயெல்லாம் பரு,
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.
அண்டாவில் மிச்சமிருந்ததை
அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.
இவனுக்கு எந்தக் கட்டத்தில் இடம் என்று
நான் கேட்கவில்லை. என் தாளில் அது இல்லை.

பேருந்து கிளம்பும்போது மேஜர் வந்தார்.
நன்றி சொல்லவா, மன்னிப்புக் கேட்கவா, தெரியவில்லை.
இரண்டும் சொல்லவில்லை.
நோட்டைப் பிரித்து ஸிக்மண்ட்ஸிடம்,
"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?"

"சொல்ல முடியாது ஐயா.
ரோட்டைப் பொறுத்தது."

அதையும் அப்படியே எழுதிக்கொண்டார்.