இடப்பக்க இருக்கை

போன ஜூலையிலிருந்து எனக்கு இடப்பக்கம்தான்.
உரிமம் நீதிமன்றத்தின் கையில்.
கோர்வென் சாலைக் கேமரா கண்ணடித்தபோதெல்லாம்
நான் பல் தெரியச் சிரித்திருக்கிறேன்,
படத்தில் இருக்கிறது.
மாதோக் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை.
"கார் விற்கிறவனுக்குக் கால் எதற்கு, வாய் போதும்."

சனிக்கிழமை ஹெலெத் வந்தாள். மருத்துவச்சி.
இரவுப்பணி முடிந்த கண்,
காலணியில் யாருடைய பண்ணைச் சேறோ.
"மூன்றையும் ஓட்டணும். ஒரே சாலையில்.
நீ பேசக்கூடாது."
பிரசவப் பையையும் கொண்டுவந்திருந்தாள்,
டிக்கியில் வைத்துப் பார்க்க.

முதலில் கோல்ஃப்.
முகப்பில் ஒரு சிவப்புக் கோடு,
அதற்கு மேல் அலட்டல் இல்லை.
கட்டம் போட்ட துணியில் இருக்கை.
திரைக்குள் ஒளிந்த ஹீட்டரைத் தேடி
அவள் விரல் மூன்று முறை வழுக்கியது.
வளைவில் கேட்டதைக் கொடுத்தது;
கேட்காததை
யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.
பை அசையவில்லை.
"நல்ல மாப்பிள்ளை" என்றாள்.
பாராட்டா, தெரியவில்லை.

அடுத்தது சிவிக் டைப் ஆர்.
அதன் பின்இறக்கையில்
ஒரு குடும்பத்துத் துணி காயப்போடலாம்.
பெட்ரோல் பங்கில் நின்ற பையன்கள் இருவர்
குழாயை மறந்து திரும்பினார்கள்;
அவள் கழுத்து சிவந்தது.
உலோகக் கியர்க் குமிழ், ஏப்ரல் குளிர்,
உள்ளங்கை ஒரு கணம் துள்ளியது,
பிறகு அதை விடவேயில்லை.
இரண்டிலிருந்து மூன்றுக்கு
நல்ல பெட்டியின் மூடி விழுவதுபோல் விழுந்தது.

டென்பி மேட்டில் தார்மேல்
'அரவ்' என்று வெள்ளையில் எழுதியிருக்கும்,
வேல்ஸ் மொழியில் மெல்ல.
அந்தச் சொல்லைத் தாண்டியதும் சாலை
அரவமாய் நெளியும்.
அங்கே என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்தது.
பார்த்துவிட்டாள்.
"எனக்கு முன்னாலேயே மிதிக்கிறாய்."
பேசக்கூடாது என்பதால் பேசவில்லை.

கடைசியாக ஃபியஸ்டா எஸ்டி.
மூன்றே சிலிண்டர். கதவில் கீறல்.
சூடேறும் இருக்கை உண்டு, இடப்பக்கத்தது வேலை செய்யாது.
கையுறைப் பெட்டியில் பழைய சொந்தக்காரரின் மிட்டாய்த்தாள்.
மாட்டுக்கம்பிகளைக் கடந்தபோது
என் பல்லும் அவள் பையும்
ஒரே சமயத்தில் குலுங்கின.
ஒரு வளைவில் பின்சக்கரம் ஒன்று
தரையை விட்டுக் கிளம்பியது,
தெரு விளக்குக் கம்பத்தருகே நாய் காலைத் தூக்குமே, அப்படி.
ஹெலெத் சத்தம் போட்டுச் சிரித்தாள்.
குறுக்கே வந்த ஆட்டுக்கு நின்று
மன்னிப்புக் கேட்டாள்.
ஆட்டிடம்.

மேட்டின் உச்சியில் அணைத்தாள்.
பானட்டுக்குள் சூடு இறங்கும் டிக், டிக்.
"இப்போது பேசு. எதை வாங்கட்டும்?"

வாய் இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.
இந்த மூன்றையும் நான் ஓட்டியதில்லை என்றேன்.
ஓட்டுகிறவர்களின் தோளைத்தான் எனக்குத் தெரியும்.
கோல்ஃபில் உன் தோள் இறங்கியிருந்தது.
சிவிக்கில் மூச்சை எங்கோ வைத்துவிட்டாய்.
இதில்,
இதில் நீ பாதி வழியில்
பையை மறந்துவிட்டாய்.

வெகுநேரம் மூரைப் பார்த்தாள், பழுப்பு, ஈரம்.
"உரிமம் எப்போது வரும்?"
இன்னும் ஒன்பது மாதம்.
"அட, ஒன்பது மாதம்தானே" என்றாள்,
"நான் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை வந்து
கோல்ஃபை எடுத்துப்போனாள்.
பையை மறக்க முடியாதாம் அவளுக்கு,
பனிக்கால விடியலில், மூன்று மணிக்கு.
ஹீட்டர் எங்கே என்று
போகும்போது என்னிடமே கேட்டாள்.

அன்று மாலை ஃபியஸ்டாவின் விலை அட்டையைக் கழற்றி
வரிசையின் கோடியில்,
டயர் கொட்டகைக்குப் பின்னால்
நிறுத்தினேன்.
மாதோக் கேட்டால் பேட்டரி என்பேன்.
முற்றத்தில்கூட நான் ஓட்டக்கூடாது,
தோளைக் கொடுத்துத்தான் தள்ளினேன்.
நினைத்ததைவிட லேசாக இருந்தது.