பத்து மணி வெளிச்சம்

முதலில் குழல்விளக்கின் கீழ் வைத்தேன்.
ராணிக்கு முகமே இல்லை,
கோழிமுட்டைக்குக் கொண்டை போட்டாற்போல்.
பிறகு ஃபோனின் ஃபிளாஷ்:
காசு முழுக்க என் மூக்கு.

கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடி.
பகல் வெளிச்சம் இலவசம் என்றிருந்தேன்.
எதிர்வீட்டு நிலந்தி
மொட்டைமாடியில் நீலப் படங்கு கட்டியிருக்கிறாள்,
கூரை ஒழுகுதாம்.
மத்தியானம் வரைக்கும் என் செம்பெல்லாம்
விஷம் குடித்ததுபோல் கிடக்கும்.
கழற்றச் சொல்ல வாய் வரவில்லை,
மழையும் விட்டபாடில்லை.

ஆகவே இரவு.
மெயின் வீதியில் வாங்கிய இரண்டு மேசைவிளக்கு,
ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள்,
இரண்டும் ஒன்றேதான் என்று
கடைக்காரன் சத்தியம் செய்தான்.
மஞ்சளை அணைத்தேன்.
வெள்ளைக்கு முன்னால் லஞ்ச் ஷீட் ஒன்றை
உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டேன்.
சோறு கட்டாத புது ஷீட்.
கட்டியதென்றால் எண்ணெய்க் கறை
ராணியின் நெற்றியில் விழுகிறது,
அதையும் பார்த்தாயிற்று.
சோடா மூடியின்மேல் காசு,
நிழல் தனியே கீழே போய் விழட்டும்.

விளக்கை ஆறு மணிப் பக்கம் வைத்தால்
முகம் குழியாகிவிடுகிறது.
மூக்கு பள்ளம், கன்னம் கிணறு,
ஈரமண்ணில் யாரோ குப்புற விழுந்து
எழுந்துபோன தடம்.
இரண்டுதரம் கண்ணைக் கசக்கினேன்.
இந்தக் கண் சூரியனை மேலேதான் தேடும்,
கையில் விளக்கைப் பிடித்துக்
கீழிருந்து காட்டினாலும் நம்பாது.

பத்து மணி: கன்னத்தில் ஒரு கீறல்,
காதிலிருந்து வாய்வரை.
உண்மையில் செம்புதானா என்று
எவனோ ஆணியால் கேட்டிருக்கிறான்.
பன்னிரண்டு: அது மயிரிழை.
ஒன்றரை: கீறலே இல்லை,
குளித்துவிட்டு வந்த கன்னம்.

மூன்றையும் ரஸீன் ஹாஜியாருக்கு
வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.
உடனே குரல் வந்தது.
"அந்த மூணாவதப் போடுங்க மகள்.
பொய் ஒண்டும் இல்லயே,
அதுவும் வெளிச்சம்தானே."

சரிதான். அதுவும் வெளிச்சம்தான்.
மெல்பேர்னில் வாங்கப்போகிறவருக்கு
என் மேசையில் எத்தனை மணியென்று
எப்படித் தெரியும்?

ஒன்றரையிலேயே விளக்கை வைத்துக்
காசைப் புரட்டினேன்.
பின்புறம் ஒரு தாளிப்பனை,
ஆயிரத்து எண்ணூற்று எழுபதிலிருந்து நிற்பது.
ஓலையெல்லாம் ஒட்டிப்போய்
நனைந்த துடைப்பம் மாதிரி இருந்தது.
சும்மா ஒருதரம்
விளக்கைப் பத்துக்கு நகர்த்தினேன்.
ஓலை ஓலையாய்ப் பிரிந்தது.
அடிமரத்தின் ஒரு பக்கம் இருட்டு,
வெயிலுக்கு ஒருவர் வந்து
சாய்ந்து நிற்கலாம் போல.

பனைக்கு ஒரு மணி, ராணிக்கு இன்னொரு மணியா?
ஒரே காசு.
அப்படியே திருப்பி வைத்து எடுத்தேன்.
கீறல் வந்தது.
அதுவரை நான் காணாத
காதோரச் சுருள்முடியும் கூடவே வந்தது.

ஹாஜியார் ஒன்றும் ஏசவில்லை.
விலையில் மூவாயிரம் குறைத்தார்,
என் கூலியில் ஐந்நூறு.

பையில் இன்னும் நூற்றுத் தொண்ணூற்றாறு கிடக்கு.
விளக்கின் கால் நின்ற இடத்தில்
நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்தேன்,
கரண்ட் போனால்
இருட்டில் தட்டித் தடவியாவது
திரும்ப அங்கேயே வைக்க.