செல்லும்

அக்டோபர். லோலாண்ட் தீவின் சேற்றிலிருந்து
பீட்கிழங்கைப் பெயர்த்தெடுக்கும் மாதம்.
நக்ஸ்கோவ் சர்க்கரை ஆலைப் புகையில்
பாகு தீய்ந்த சட்டிபோல் நாறுகிறது ஊர்.
பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி.
கரும்பலகையில் நேற்றைய பெருக்கல் கணக்கு
அழிக்க ஆளில்லாமல் கிடக்கிறது.
பட்டியல் என் முன்னால்.

போன தேர்தலிலும் நான்தான் எழுத்தர்.
முப்பத்திரண்டு, நவம்பர்.
சிக்னே ரவ்ன்ஹோல்ட் வந்து நின்றாள்,
கையுறையைக் கழற்றியபடி.
பெயர் இருந்தது. குறுக்கே ஒரு கோடும் இருந்தது.
ஊராட்சியின் ஏழை நிதியிலிருந்து
ஒரு மூட்டை நிலக்கரி,
பிள்ளையின் தொண்டைக்கு மருத்துவர் கூலி:
வாங்கிய கைக்கு ஓட்டு இல்லை என்றது சட்டம்.
அடித்தவன் நான்.
அளவுகோல் வைத்து, நேராக.

சண்டை போடவில்லை அவள்.
"கோடு அழகாக இருக்கிறது, வாத்தியாரே."
கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.

மூன்று வருடம் அவள் மகனுக்கு எழுத்துக் கற்பித்தேன்.
அவன் நோட்டில் பிழையை அடிக்கும்போதெல்லாம்
என் கை நடுங்கியது என்று சொன்னால் பொய்.
நடுங்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சட்டம் மாறியது. பட்டியல் புதுசு.
அதில் அவள் பெயர்
சட்டை மாற்றிவந்த பிள்ளைபோல் உட்கார்ந்திருக்கிறது.
வந்தாள். நகக்கண்ணில் கிழங்கு மண்.
"பார்த்துச் சொல்லுங்கள்."
சொன்னேன்.
"இன்னொரு தடவை. சத்தமாக."
பக்கத்து நாற்காலியில் ரொட்டிக்கடை ஓலுஃப் சிரித்தான்.
வருகைப்பதிவு எடுக்கும் குரலில்
முழுப்பெயரையும் கூப்பிட்டேன்.
"உள்ளேன்" என்றாள்.

திரைக்குப் பின்னால் வெகுநேரம்.
நூலில் கட்டிய பென்சில்
மரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

இரவு எண்ணும்போது ஒரு சீட்டில்
குறுக்குக்குறி தாளைக் கிழித்து மறுபக்கம் வந்திருந்தது.
"சேதப்பட்ட தாள். செல்லாது" என்றான் ஓலுஃப்.
பண்ணைக்காரர் கிரேகர்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.
ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான்.
எந்தக் கட்சி என்று நான் சொல்லக்கூடாது.
என் கட்சி இல்லை.
யாருடைய சீட்டு என்று தெரியாது;
தெரியாது என்றே இன்றுவரை வைத்திருக்கிறேன்.

செல்லும் என்றேன்.
ஓலுஃப் தோளைக் குலுக்கினான். அடுக்கில் வைத்தோம்.
வெளியே ஆலைக்குப் போகும் கடைசி வண்டி
இருட்டில் கிழங்குகளைச் சிந்திக்கொண்டே போனது.