கேள்வி பதினான்கு

முதல் வாரம் ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள்.
பெயர் வேண்டாம், வயது போதும்.
எப்போதும், சில வேளை, ஒருபோதும் இல்லை:
மூன்று கட்டம், இருபது கேள்வி.
சுற்றுச்சூழல் பாடத்தை நான் தேடிப் போகவில்லை.
செவ்வாய் மதியம் காலியாக இருந்தது,
மெரிபேங்க் பஸ் நாலரைக்குத்தான்.

பல் துலக்கும்போது குழாயை மூடுவீர்களா?
எப்போதும்.
அறையை விட்டு வந்தால் விளக்கை அணைப்பீர்களா?
எப்போதும்.
அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரம் எழுதுகிற வேகத்தில்
பேனா போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஸ்போனேலோ சிரித்தான்.
"உம்லாசியில் பன்னிரண்டு நாளாய்த் தண்ணீர் இல்லை.
மூடினால் என்ன, திறந்தால் என்ன?
எனக்கு எந்தக் கட்டம்?"
விளிம்பில் தானே ஒன்று வரைந்தான், பெரிதாக,
உள்ளே ஒன்றும் எழுதாமல்.

ஏப்ரலில் உம்கேனி முகத்துவாரம்.
சேற்றில் ஒரு சதுர மீட்டருக்குக் கயிறு கட்டி
அதற்குள் கிடப்பதை எண்ணச் சொன்னார்கள்.
தெர்மாகோல் துண்டு இருநூற்றுப் பன்னிரண்டு.
பாட்டில் மூடி நாற்பது.
பொம்மையின் கை ஒன்று, இடது.
அப்புறம் சாமந்தி எல்லாம் உதிர்ந்துபோன
ஒரு நைலான் நூல்.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது:
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு.
எங்கள் வீட்டில் போடுகிற முடிச்சு.
நான் போடுகிற முடிச்சு.
ஸ்போனேலோ கேட்டான், அது என்ன என்று.
நூல், ஒன்று, என்று எழுதிக்கொண்டேன்.

மே மாதம் ஆளுக்கொரு கருவி.
துணிக்கொடியில் ஒரு வாரம் தொங்கவிட்டேன்,
அப்பாவின் வேலைச் சட்டைக்குப் பக்கத்தில்.
"என்ன இது?"
"காற்றில் இருக்கிற தூசியை எண்ணுது."
"எண்ணி?"
அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
அவர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு
ராத்திரி ஷிப்டுக்குப் போனார், எண்ணெய் ஆலைக்கு.

இரண்டு மணிக்கு எண் ஏறும்.
நான்கு மணி வரை ஏறும்.
தம்பி தஷ்லின் எழுந்து உட்கார்ந்து
இன்ஹேலரைத் தலையணைக்கடியில் தேடும் நேரமும் அதுதான்.
வகுப்பில் என் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள்.
அழகான மலை என்றார் யாரோ.
அந்த மலையின் உச்சியில்தான்
என் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.

ஆனாலும் ஏதோ செய்தேன்.
கோவிந்தராஜூ கடைக்கு எவர்சில்வர் டப்பாவோடு போய்
பீன்ஸ் பன்னி கேட்டேன்.
அவர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
கால் ரொட்டியை வைத்து அமுக்கினார்.
பஸ்ஸில் குழம்பு வழிந்து
ஒரு அம்மாவின் கைப்பையில் இறங்கியது.
மூன்று செவ்வாய் டப்பா.
நாலாவது செவ்வாய் மறந்துவிட்டேன்.
பசி. தெர்மாகோல் பெட்டியில் வாங்கித் தின்றேன்,
இருநூற்றுப் பதின்மூன்று என்று சொல்லிக்கொண்டே.

கடைசி வாரம் அதே வினாத்தாள்.
அதே மூன்று கட்டம்.
குழாய்? சில வேளை.
விளக்கு? அதைப் பாதி நாள்
மின்வாரியமே அணைத்துவிடுகிறது. சில வேளை.
பதினான்காம் கேள்வி:
மாசுபடுத்தும் தொழிலில் வேலை கிடைத்தால் மறுப்பீர்களா?
பிப்ரவரியில் எப்போதும் என்று போட்டிருந்தேன்.
இப்போது பேனாவை அங்கேயே வைத்திருந்தேன்,
மை ஊறிப் புள்ளியாகும் வரை.

முடிவைப் பிறகு அறிவித்தார்கள்.
பாடம் படித்தபின் மாணவர்களின் நல்ல பழக்கம்
எட்டு சதவீதம் குறைந்திருக்கிறதாம்.
விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஸ்போனேலோ என்னைப் பார்த்தான்.
நான் மேசையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கொல்லை வாழையில் நார் கிழித்து
சாமந்தி தொடுத்தேன்.
நான்காவது பூவில் அறுந்தது.
நாரை ஊறவைக்க வேண்டும் என்று
பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது.
வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன்.
காற்றுதான் வந்தது, உஸ்ஸென்று.
மூடவில்லை.
வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று
திறந்தே விட்டுவிட்டு
உள்ளே போனேன்.