அஞ்சு பவுண்டு காத்து

டர்போவை முதலில் வாங்கிவிட்டோம்.
புத்தியுள்ள யாரும் அப்படிச் செய்வதில்லை.
வள்ளியூர் பைபாஸில் நொறுங்கிய
கால்டாக்ஸி ஸ்விப்ட்டிலிருந்து கழற்றியது,
ஏழாயிரத்து ஐந்நூறு.
ஒரு நுங்குக்காய் பருமன்தான்.
ரெக்சன் அதைத் தூக்குச்சட்டிக்குள் வைத்து
பேருந்தில் மடியிலேயே கொண்டுவந்தான்.
கண்டக்டர் கேட்டார்: “என்னடே, மீன்கொழம்பா?”

இனி அதற்கு ஓர் எஞ்சின் வேண்டும்.
எஞ்சின் போன ஜென் ஒன்று
பணகுடியில் செங்கல்மேல் நிற்கிறது.
கையில் நாற்பத்தோராயிரம்.
இன்டர்கூலர், ஆயில் லைன், கிளட்ச்,
வெல்டிங்காரர் கூலி, அவர் கேட்கும் பிரியாணி
எல்லாம் கழித்தால்
பதினாறு மிஞ்சும். பழைய பேப்பரில் இரண்டு தடவை கழித்தோம்,
இரண்டு தடவையும் பதினாறுதான்.

பேட்டையில் மைதீன் பிச்சையின் யார்டு.
இரும்பில் வெயில் ஏறுமுன் போய்விட்டோம்.

வெள்ளத்தில் முங்கிய சிட்டியின் எஞ்சினை முதலில் காட்டினார்.
“அஞ்சாயிரத்தக் குடுத்துட்டு அள்ளிட்டுப் போங்க.”
பிளக்கைக் கழற்றிக் குச்சியை விட்டேன்.
தாமிரபரணி வண்டல்,
சல்லடையில் சலித்ததுபோல் அத்தனை நைசு.
நாற்றுப் பாவலாம்.
“நல்ல மண்ணு அண்ணாச்சி” என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் எஸ்டீம். ஆயிரத்து முந்நூறு சிசி.
ரெக்சன் துணியெடுத்து அதன் தலையைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டான்.
பதினெட்டுக்குக் கீழே பேச்சில்லை.
பேட்டரி கொடுத்துச் சுற்றி கேஜைப் பார்த்தோம்:
நூற்றெழுபது, நூற்றெழுபத்திரண்டு,
மூன்றாவது நூற்றுப்பத்து,
நான்காவது மறுபடி நூற்றெழுபது.
மூன்றாவதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுற்றினால்
நூற்றைம்பதுக்கு ஏறுகிறது. ரிங்கு போயிருக்கிறது.
மூணு அண்ணன்மார் சம்பாதிக்க
ஒருத்தன் உக்காந்து திங்கிற வீடு.

“அதுவும் ஜென்னுதானே?” என்று
அவர் டீ கிளாஸ் வைத்திருந்த எஞ்சினைக் கேட்டேன்.
கிளாஸை எடுத்தார். வளையமாய்க் கறை.
ஒரே ஒரு லிட்டர். பதினொன்றரை.
நூற்று நாற்பது. நூற்று முப்பத்தெட்டு.
நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பது.
புதிதில் இன்னும் முப்பது காட்டியிருக்கும்.
டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கறுப்பு,
பால்டீ நிறமில்லை.
நாலும் ஒன்றுபோலத் தளர்ந்திருந்தன.

“இதுவாடே?” என்றான் ரெக்சன்.
“எங்க அத்தை கடைக்குப் போற வண்டியில இருக்கது.”

எனக்குச் சம்பளம் தருவது காற்றாலை.
ஆனி ஆடியில் காற்று மிஞ்சினால்
இறக்கை நுனி திரும்பும், பிரேக் விழும்,
நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை.
ஒருமுறை நிற்கவில்லை.
ஒரு துண்டு இறக்கையை
அடுத்தவர் முருங்கைத் தோட்டத்தில் போய்ப் பொறுக்கினோம்.
அதனால் எந்த மெஷினைப் பார்த்தாலும்
எவ்வளவு தரும் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.
எவ்வளவு தாங்கும்?

“அஞ்சு பவுண்டு” என்றேன். “அதுக்கு மேல ஊதக் கூடாது.”
பதினொன்றுக்கு முடிந்தது.
கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டார்.
அதற்கும் ஒரு சண்டை போட்டுத் தோற்றோம்.

மினிடோரில் கயிறு கட்டி ஏற்றியாயிற்று.
நாங்குநேரி டோல்கேட் வரை
ரெக்சன் ஒரு வார்த்தை பேசவில்லை.
தாண்டியதும்,
“அஞ்சுதானா?”
“அஞ்சு.”
“ஏழு?”

மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று
வண்டியை ஒரு முழம் தள்ளியது.
டிரைவர் வைதுகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தார்.
ரெக்சன் தூக்குச்சட்டியைத் திறந்து
டர்போவை எடுத்துக் கதவில்லாத பக்கம் நீட்டினான்.
சின்னச் சக்கரம் தயங்கியது, பிறகு
இலைகள் தெரியாமல் சுற்றியது.

“ஆயிலில்லாம சுத்த விடாதடே” என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
விரல் வைத்தான்.