நான்காம் எண் இயந்திரம்

பெலெம் நகரத்தில் மழை மூன்று மணிக்கு வரும்.
"மழைக்கு முன்பா, பின்பா?" என்றுதான்
ஒருவரையொருவர் பார்க்க நேரம் குறிப்போம்.
அந்த ஈரத்தில் ரொட்டி பூக்கும், செருப்பு பூக்கும்,
சுவரில் மாட்டிய புனிதரின் தாடி பூக்கும்.
என் ஊதா பெல்ட்டும் பூத்தது.
ஆறு வருடம் நான் அதைத் துவைக்கவில்லை.

துவைத்தால் கற்றது போய்விடுமாம்.
டயர் கடைக்கு மேல்மாடியில், ஜியு-ஜிட்சு கூடத்தில்
எல்லோரும் சொன்னார்கள்,
அதனால் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது.
நானோ ஆஸ்பத்திரிச் சலவைக்காரி.
ஊராரின் ரத்தம், சீழ், பனிக்குடத்து நீர்
எல்லாம் என் கையில் வெளுத்துப் போகும்.
இடுப்பில் மட்டும் அத்தனை வியர்வையையும்
வட்டிக்கு விட்ட பணம் போலக் காத்து வைத்தேன்.

வெள்ளை பெல்ட் நாட்களில் நம்பினேன்:
சின்ன உடம்பு பெரிய உடம்பை வெல்லும்.
ஜுசெலினோ நூற்றுப் பதினாறு கிலோ.
மீன் லாரிக்குப் பனிக்கட்டி ஏற்றுகிறவன்.
என் மார்பின் மேல் சும்மா படுத்தான்.
சும்மாதான். மன்னிப்பும் கேட்டான்.
விலா எலும்புக்குத் தத்துவம் புரியாது என்று
கூரையைப் பார்த்தபடி கற்றேன்.

மனசு உறுதியாக இருந்தால்
கழுத்து நெரிபட்டாலும் தாங்குமாம்.
தட்டவில்லை நான்.
கண் திறந்தபோது மேலே நாலு முகங்கள்.
"பஸ் போய்விட்டதா?" என்று கேட்டேனாம்.
இன்றும் கூடத்தில் என் பெயர் பஸ்.

கறுப்பு பெல்ட்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு
ரகசியப் பிடி ஒன்றைப் பேசுகிறார்கள் என்று
மூன்று வருடம் காத்திருந்தேன்.
ஒருநாள் காற்றில் கதவு திறந்துகொண்டது.
மாத வாடகை பாக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
எடிவால்டோ முழங்காலில் ஐஸ் வைத்திருந்தான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை, பஸ் நிறுத்தத்தில்.
பதினாறு வயதிருக்கும். செதில் ஒட்டிய மீன்கத்தி.
அவன் கை நடுங்கியது; எனக்கு அதுதான் பயம்.
நூறு தடவை ஒத்திகை பார்த்த காட்சி:
மணிக்கட்டைப் பிடி, திருகு, தரையில் சாய்,
சுற்றி நிற்பவர்கள் வாய் பிளக்க...
கை போனை நீட்டிவிட்டது.
நான் சொல்லவேயில்லை, அதுவாக நீட்டியது.
கூடவே வாய் சொன்னது:
"சார்ஜ் குறைவு, தம்பி."
கால் நடுக்கம் அடங்க மூன்று பஸ்களை விட்டேன்.

திங்கட்கிழமை எடிவால்டோவிடம் சொன்னேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
"போன் மட்டுமா?" என்றான்.
"போன வருடம் நான் ஷூவையும் கழற்றிக் கொடுத்தேன்.
புது ஷூ."
அவன் கறுப்பு பெல்ட்டின் முனை நைந்து
உள்ளிருந்த வெள்ளை நூல் தெரிந்தது.
அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருப்பார்கள்.
எனக்கு அன்று நூல்தான் தெரிந்தது.

இரவுப் பணி. நான்காம் எண் இயந்திரம்.
பிரசவ வார்டுத் துணிகள்.
யாரும் பார்க்காதபோது பெல்ட்டை உள்ளே எறிந்தேன்.
கண்ணாடி வட்டத்துக்குள்
பாம்பு மாதிரி புரண்டது, பிறகு கயிறு மாதிரி,
பிறகு துணி மாதிரி.

காயவைத்துக் கட்டினால் சுருங்கியிருந்தது.
முடிச்சுக்கு வெளியே நுனி போதவில்லை.
ஜுசெலினோ மறுபடி மேலே படுத்தான்.
இடுப்பை ஒரு சாண் நகர்த்தினேன்.
மூச்சு வந்தது.

ஆனால் பன்னிரண்டு தலையணை உறைகள் ஊதாவாகிவிட்டன.
மேற்பார்வையாளர் இவானில்டே கத்தித் தீர்த்தாள்,
சம்பளத்தில் பிடிப்பாளாம்.
என்ன போட்டும் வெளுக்கவில்லை.
அப்படியே வார்டுக்கு அனுப்பினார்கள்.

இப்போது அங்கே யாரோ ஒருத்தி,
முந்தாநாள் பிள்ளை பெற்றவள்,
என் ஆறு வருடத்தின் மேல் கன்னம் வைத்து
வாய் திறந்து தூங்குகிறாள்.